தலையெழுத்தும் செக்ரோல் எழுத்தும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல்களைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, தெய்வங்கள் நடமாடும் கதையில் 'விதி' என்ற சொல்லை எண்ணிச் செலவழிக்க வேண்டும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த மாதம் வேறு கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு, இதற்கே முழுப் பகுதியையும் கொடுக்கிறேன்.

கேள்வி: இரண்டு வருடங்களாக ஒரு நாவல் எழுதி வருகிறேன். மலைகள் சூழ்ந்த ஒரு நாட்டில் ஏழு தெய்வங்கள் இருக்கின்றன. பிறக்கும் ஒவ்வொருவரின் வாழ்வையும் அவை ஓர் ஏட்டில் எழுதிவிடுகின்றன. கூலிக்காரர் ஒருவரின் மகனான கதாநாயகன் அந்த ஏட்டைத் தேடிப் போய் எரிக்கிறான். வாசித்த நண்பர் ஒருவர், "எல்லாம் முன்பே எழுதியாயிற்று என்றால் நான் எதற்கு மெனக்கெட்டு வாசிக்க வேண்டும்?" என்றார். இன்னொருவர், "ஒரு தீக்குச்சிக்கு எரியும் ஏடு என்றால் அதற்கு முந்நூறு பக்கம் ஏன் பயப்பட வேண்டும்?" என்றார். இவர்களில் யார் சொல்வது சரி?
(ஒரு வாசகர், மஸ்கெலியா)

பதில்: தம்பி, இருவர் சொல்வதும் சரி, இருவருக்கும் சேர்த்து ஒரே பதில்தான் இருக்கிறது, அது உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே மாசி மாதத்தில் விடிய விடிய ஆடப்படுகிறது.

காமன் கூத்தின் கதை உங்களுக்குத் தெரியாமல் இராது. அசுரனால் துன்பப்படும் தேவர்களுக்குச் சிவனுடைய பிள்ளை ஒருவன் வேண்டும்; சிவனோ கண்ணை மூடித் தவத்தில் இருக்கிறார்; அந்தத் தவத்தைக் கலைத்து வரும்படி மன்மதனை அனுப்புகிறார்கள். போனால் எரிவான் என்பது அனுப்புகிறவர்களுக்கும் தெரியும், ரதிக்கும் தெரியும், பொட்டலைச் சுற்றிக் குந்தியிருக்கும் அத்தனை சனத்துக்கும் தெரியும். தான் கண்ட கெட்ட கனவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி ரதி தடுக்கிறாள், அவன் கேட்காமல் போகிறான், நெற்றிக்கண் திறக்கிறது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ரதி வேடம் கட்டியவர் கவ்வாத்து மலையில், அதாவது தேயிலைச் செடிகளை வெட்டும் மலையில், வேலை செய்பவர். விரல்கள் முழுவதும் கத்திக் காய்ப்பு. மதன் புறப்படும் கட்டத்தில், தப்புச் சத்தம் சற்றே தணிந்திருக்கும் அந்த வேளையில், அவர் மதனுடைய உத்தரியத்தின் நுனியைப் பிடித்துக்கொள்வார். இழுக்கமாட்டார், பிடித்திருப்பார், அவ்வளவுதான். மதன் இரண்டு அடி வைத்ததும் துணி இறுகி நிற்கும். என் அப்பாயி கம்பளியைப் போர்த்திக்கொண்டு முன்வரிசையில் இருந்து ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில், "போவாதேன்னு சொல்றாளே, கேக்குறானா பாரு!" என்பார். முடிவு தெரியாமலா சொன்னார்? அறுபது வருடம் பார்த்தவர். அடுத்த மாசியிலும் வந்து அதையே சொன்னார்.

உங்கள் முதல் நண்பரின் கேள்விக்கு அப்பாயிதான் பதில். முடிவு எழுதப்பட்டிருப்பது வாசகரை விரட்டுவதில்லை. கதைமாந்தர் அந்த எழுத்தைத் தெரிந்துகொண்ட பின்பு தம் கையால் என்ன செய்கிறார்கள் என்பதைக் காட்டாவிட்டால்தான் வாசகர் எழுந்து போவார். ரதியால் மன்மதனை நிறுத்த முடியவில்லை என்பது உண்மை. ஆனால் துணியைப் பிடிக்கலாமா விடலாமா என்பதை எந்த ஏடும் அவளுக்காக எழுதிவைக்கவில்லை. எரிந்த பிறகும் அவள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. எரித்தவரின் முன்னாலேயே போய் நின்று வாதாடி, தன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறவனாகக் கணவனைத் திரும்பப் பெறுகிறாள். எழுத்தும் அழியவில்லை, அவளும் வெறுங்கையோடு திரும்பவில்லை. அந்த இடைவெளியைத்தான் நீங்கள் எழுத வேண்டும்.

இரண்டாவது நண்பருக்கான பதில் ஏட்டின் தன்மையில் இருக்கிறது. உங்கள் ஏழு தெய்வங்களும் தாம் எழுதிய ஏட்டுக்குத் தாமே கட்டுப்பட்டவையா? கட்டுப்படாதவை என்றால் அது விதி ஆகாது, வெறும் அதிகாரம். அதை எரிப்பது கலகக் கதை, அதற்குத் தெய்வங்கள் தேவையே இல்லை. கிரேக்கரின் பழைய காவியமான இலியட்டில் ஓர் இடம் வருகிறது. தேவர்களின் அரசனான சியுஸ், தன் மகன் சார்பெடோன் போர்க்களத்தில் சாகும் நேரம் வந்துவிட்டதைக் கண்டு, அவனை அப்படியே தூக்கிக் கொண்டுபோய்க் காப்பாற்றிவிடலாமா என்று தடுமாறுகிறான். நீ உன் பிள்ளையைக் காப்பாற்றினால் மற்றத் தெய்வங்களும் தத்தம் பிள்ளைகளுக்காக இறங்கிவிடுவார்களே என்று அவன் மனைவி ஹேரா சொல்கிறாள். மின்னலைக் கையில் வைத்திருக்கும் அவன், வானத்தில் இருந்து இரத்தத் துளிகளைப் பெய்துவிட்டு மகனைச் சாகவிடுகிறான். சியுஸே எரிக்கத் துணியாத ஏடு என்று தெரிந்த பிறகு, அதைத் தொட ஒரு மனிதன் கை நீட்டினால் முந்நூறு பக்கமும் நடுங்கும்.

ஆகவே ஏட்டை எரிக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எரிப்பதற்கு முன்னால், அந்த ஏட்டினால் அழுத ஒரு தெய்வத்தையாவது எங்களுக்குக் காட்டுங்கள்.

கேள்வி: உயர்தர வகுப்பில் தமிழ் கற்பிக்கிறேன். ஊழ் அதிகாரத்தில் விதியே வலியது என்று சொன்ன வள்ளுவர், ஆள்வினையுடைமையில் முயற்சி விதியையும் வெல்லும் என்கிறார். மாணவர்கள் முரண்பாடு என்கிறார்கள். தமிழ் மரபு எந்தப் பக்கம் நிற்கிறது?
(ஓர் ஆசிரியை, பண்டாரவளை)

பதில்: உங்கள் மாணவர்கள் நன்றாக வாசிக்கிறார்கள். 380 ஆவது குறள், ஊழை விலக்க வேறொரு வழியைச் சூழ்ந்தாலும் அந்த வழியிலும் ஊழே முந்திக்கொண்டு வந்து நிற்கும் என்கிறது. 620 ஆவது குறள், தளராமலும் தாழ்த்தாமலும் முயல்கிறவர் அந்த ஊழையே புறமுதுகிட்டு ஓடச் செய்வர் என்கிறது. இரண்டையும் அக்கம்பக்கமாக எழுதி வைத்தால் முரண்தான். இருக்கும் இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 380 என்பது அறத்துப்பாலின் கடைசிக் குறள். அதற்கு அடுத்த பக்கத்தில் அரசன் வருகிறான், அமைச்சன் வருகிறான், நாடும் படையும் உழவும் வருகின்றன. செயலைப் பற்றியே பேசும் 70 அதிகாரங்கள் பொருட்பாலில் வரிசை கட்டி நிற்கின்றன. ஊழை வாசற்படியில் உட்காரவைத்து, அதைத் தாண்டி உள்ளே போய் வேலையைப் பாருங்கள் என்று அமைத்தவரின் மனம் எனக்கு அந்த ஒழுங்கில் தெரிகிறது. ஊழ் அதிகாரத்தைப் பொருட்பாலுக்குத் தோரணவாயில் என்று என் ஆசிரியர் ஒருவர் சொல்வார். அந்த உவமை எனக்கு இன்றும் பிடிக்கும்.

கம்பர் இதை இரண்டு வாய்களில் பிரித்துக் கொடுத்துவிட்டார். காடு போகச் சொல்லப்பட்ட இராமன், ஆற்றில் நீர் வற்றியது ஆற்றின் குற்றம் ஆகாது, அதுபோல் இது தந்தையின் பிழையும் தாயின் பிழையும் பரதனின் பிழையும் இல்லை, 'விதியின் பிழை' என்று தம்பியை அமர்த்துகிறான். இலக்குவனோ, 'விதிக்கும் விதியாகும் என் விற்றொழில் காண்டி' என்று திருப்பிச் சொல்கிறான். இதில் யார் எதைச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். முடியை இழந்தவன் விதி என்கிறான். இழக்காதவன் வில்லை எடுக்கிறான். இழந்தவன் வாயில் 'விதி' என்ற சொல் பல வேளைகளில் பக்கத்தில் நிற்பவனின் கோபத்தைத் தணிக்கும் தண்ணீர். இந்த நுட்பத்தை நாவல் எழுத வரும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால், விதியைப் பற்றி ஆசிரியர் கூற்றாக ஒரு வரி கூட எழுதத் தேவை இராது.

மரபு எந்தப் பக்கம் என்று கேட்டீர்கள். சிலப்பதிகாரத்தில், கோவலன் கொலையுண்டதற்கு முற்பிறப்பு வினைதான் காரணம் என்பதைக் கண்ணகிக்குச் சொல்ல மதுரையின் காவல் தெய்வமே வருகிறது. வந்த தெய்வம் கண்ணகியின் முகத்துக்கு நேரே நிற்கத் துணியவில்லை; 'முன்னிலை ஈயாள் பின்னிலைத் தோன்றி' என்கிறார் இளங்கோ, பின்பக்கமாக நின்றுதான் பேசத் தொடங்குகிறது. விளக்கத்தை முழுவதும் கேட்ட கண்ணகியும் "சரி, அப்படியானால் என் விதி" என்று உட்கார்ந்துவிடவில்லை, கணவனைக் காணும்வரை இருக்கவும் மாட்டேன், நிற்கவும் மாட்டேன் என்று நடக்கிறாள். விதியை விளக்க வரும் தெய்வம் பாதிக்கப்பட்டவளின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. எங்கள் மரபு எந்தப் பக்கம் என்பதற்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

கேள்வி: ஒரு காவிய நாவலுக்கு எத்தனை தெய்வங்கள் வேண்டும்?
(ஒரு வாசகர், ஹப்புத்தளை)

பதில்: வாசகர் பெயர் மறக்காத அளவுக்கு. மூன்று போதும். இருபதாவது பக்கத்துக்குள் பன்னிரண்டு தெய்வங்களை அறிமுகப்படுத்திய ஒரு கையெழுத்துப்படி என் மேசையில் கிடக்கிறது. எட்டாவது தெய்வம் வந்தபோது நான் தேநீர் போட எழுந்து போனேன்.

கேள்வி: மேல்நாட்டு மிகுபுனைவுகளில் இடி தெய்வம், கடல் தெய்வம், போர்த் தெய்வம் என்று பெரிய தெய்வங்கள் வருகின்றன. எங்கள் தோட்டத்தில் இருப்பவை மாரியம்மனும் முனியாண்டியும், தேயிலைத் தொழிற்சாலை மூலையில் ஒரு கல்லும்தான். இவற்றை வைத்துக் காவியம் எழுதினால் சிரிக்கமாட்டார்களா?
(ஒரு வாசகி, தலவாக்கலை)

பதில்: அந்தத் தொழிற்சாலை மூலையில் இருக்கும் கல்லை விட்டுவிட்டு வேறு எதையும் எழுதாதீர்கள் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்கத் தோன்றுகிறது.

மாரியம்மன், மதுரைவீரன், முனியாண்டி எல்லாம் கடல் தாண்டி எங்கள் முன்னோருடன் வந்த தெய்வங்கள். ஆனால் தொழிற்சாலைச் சக்கரங்களுக்குக் காவலாக வணங்கப்படும் ரோதமுனியையும், கவ்வாத்துத் தொடங்குவதற்கு முன்னால் மலையில் படையல் பெறும் கவ்வாத்துச்சாமியையும் எந்த ஊரில் இருந்து கொண்டுவந்தோம்? ரோதை என்றால் சக்கரம். பச்சைக் கொழுந்தை உருட்டும் இயந்திரம் சுழலும்போது அதில் கை போய்விடாமல் இருக்க ஒரு தெய்வம் தேவைப்பட்டது; தேவைப்பட்ட இடத்தில் தெய்வம் உண்டாயிற்று. இலங்கையில் தேயிலையை வணிகப் பயிராக லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் நட்டது 1867 இல். தொழிற்சாலைகள் அதற்குப் பிறகுதான். ஆகவே ரோதமுனியின் வயதை நம்மால் ஏறத்தாழக் கணக்கிட முடியும். உலகத்தில் எத்தனை தெய்வங்களுக்கு இப்படி வயது சொல்லலாம்?

இதில் உங்கள் நாவலுக்கு ஒரு பெரிய புதையல் இருக்கிறது. பழைய காவியங்களில் தெய்வம் முதலில் பிறக்கிறது, மனிதன் பின்னால் வருகிறான், ஆதலால் தெய்வம் அவன் தலையில் எழுதுகிறது. இங்கே மனிதன் முதலில் மலை ஏறி வந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் பிறந்தது தெய்வம். தன்னைவிட வயதில் மூத்தவனின் தலையில் ஒரு தெய்வம் எப்படி விதியை எழுதும்? எழுத முடியாது. காவல் காக்கலாம், கோபிக்கலாம், பசித்திருக்கலாம், சக்கரத்துக்குள் போன கையைக் காப்பாற்ற முடியாமல் வெட்கப்படலாம். விதியை எழுதாத, விதிக்குத் தானும் புதியதான ஒரு தெய்வம், தன்னை உண்டாக்கிய மக்களிடமே வந்து, "என்னை எதற்காக உண்டாக்கினீர்கள்?" என்று கேட்கும் அத்தியாயத்தை எழுதிவிட்டு எனக்கு அனுப்புங்கள். சிரிப்பவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கவ்வாத்துச்சாமியையும் மறக்க வேண்டாம். சில வருடங்களுக்கு ஒருமுறை செடியை மொட்டையாக வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. வெட்டாவிட்டால் தேயிலை மரமாகிவிடும், கொழுந்து எட்டாது, விளைச்சலும் விழும். வெட்டிய மலையை முதன்முறையாகப் பார்ப்பவர் செத்துவிட்டது என்றுதான் நினைப்பார். அழிப்பதையும் தளிர்க்கவைப்பதையும் ஒரே கத்தியால் செய்யும் தெய்வம் ஒன்று கையில் இருக்கும்போது நீங்கள் இடி தெய்வத்துக்கு ஏங்குகிறீர்கள்.

கேள்வி: எங்கள் பாட்டி எதைச் சொன்னாலும் கடைசியில் "எல்லாம் தலவிதி" என்று முடிப்பார். அவருடைய அண்ணன் குடும்பம் கப்பலேறிப் போனதும் தலைவிதி, கை ரேகை தேய்ந்து போனதும் தலைவிதி. தெய்வங்களின் விதி என்ற கருவை வைத்து எங்கள் மக்களின் கதையை எழுதினால், நடந்ததெல்லாம் விதி என்று நானும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா? இந்தப் பயத்தால் எழுத முடியாமல் இருக்கிறேன்.
(ஒரு வாசகி, பொகவந்தலாவை)

பதில்: இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை அதிக நேரம் உட்காரவைத்தது இதுதான்.

உங்கள் பயம் நியாயமானது. பாட்டியின் அண்ணனைக் கப்பலேற்றிய எழுத்து எந்தத் தெய்வத்தின் ஏட்டிலும் இல்லை. 1948 இல் வந்த பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான எங்கள் மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் இந்தியா, இலங்கை என்ற இரண்டு நாடுகளின் தலைவர்கள் செய்த ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று பங்கிட்டார்கள். பிறகு 1974 இல் அந்த மிச்சத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கையெழுத்து இருக்கிறது, திகதி இருக்கிறது. எழுதிய கையைக் காட்ட முடிகிற ஒன்றுக்கு விதி என்று பெயர் வைப்பது, எழுதியவருக்குச் செய்யும் உபகாரம்.

நாள் முழுவதும் மலையில் நின்றுவிட்டு மாலையில் நிறுவையில் குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலி, போடுவார்கள் அல்லவா? என் அம்மா ஒரு நாளும் அதைத் தலையெழுத்து என்று சொன்னதில்லை. "இன்னிக்கு அரப்பேரு போட்டுட்டான்" என்பார். 'போட்டுட்டான்' என்ற அந்த வினைமுற்றில் எழுவாய் ஒளிந்திருக்கிறது. செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், எழுதியவன் ஒருவன் இருக்கிறான் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஆனால் என் தங்கை ஒன்றரை வயதில் காய்ச்சலில் போனதைப் பற்றிப் பேசும்போது அதே அம்மா "விதி" என்பார். அதில் கூட, தோட்டத்து வைத்தியத்தைக் குறை சொல்ல இடம் இருந்தது என்பதை நான் வளர்ந்த பிறகுதான் உணர்ந்தேன். எங்கே தலையெழுத்து முடிகிறது, எங்கே செக்ரோல் எழுத்து தொடங்குகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க ஒரு வாழ்நாள் பிடிக்கிறது. அந்தப் பிரித்தலே உங்கள் நாவலின் கதையாகட்டும்.

எப்படி என்று கேட்பீர்கள். உங்கள் நாட்டில் இரண்டு ஏடுகளை வையுங்கள். ஒன்று தெய்வங்களும் கட்டுப்பட்ட ஏடு. மரணம், மழை, முதுமை, ஒருவர் மேல் ஒருவருக்கு வரும் அன்பு இவை அதில் இருக்கட்டும். மற்றது, தெய்வத்தின் கையெழுத்தைப் போல எழுதக் கற்றுக்கொண்ட மனிதர்கள் எழுதிய கள்ள ஏடு. ஊர் மக்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணி இரண்டுக்கும் விளக்கேற்றுகிறார்கள். கதாநாயகி எழுத்தை எழுத்தாகப் பார்க்கத் தெரிந்தவளாக, கையெழுத்து மாறும் இடத்தைக் கண்டுபிடிக்கிறவளாக இருக்கட்டும். பாட்டி கடைசிவரை "தலவிதி" என்றே சொல்லிக்கொண்டிருக்கட்டும், அவரைத் திருத்த வேண்டாம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்கிறார். இராமன் சொன்னதற்குப் பக்கத்தில் அவர் சொன்னதையும் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: தெய்வங்கள் செந்தமிழிலும் மனிதர் தோட்டத்துப் பேச்சிலும் பேசலாமா?
(ஒரு வாசகர், பதுளை)

பதில்: அப்படித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள், அதனாலேயே தெய்வங்கள் மேடைப் பேச்சாளர்களைப் போல ஒலிக்கின்றன. துரை பேசுவது ஒரு மொழி, நாங்கள் பேசுவது ஒரு மொழி என்று நூற்றைம்பது வருடம் பழகிய ஊரில், மேலே இருப்பவருக்கு உயர்ந்த மொழியைக் கொடுத்தால் வாசகருக்குத் தெய்வம் தெரியாது, துரைதான் தெரிவார். அதுதான் உங்கள் நோக்கம் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். இல்லையென்றால் தெய்வத்தைக் குறைவாகப் பேசவிடுங்கள். பெரட்டு, லயம், இஸ்தோப்பு, காம்பரா, கொந்தரப்பு என்ற சொற்களுக்குக் கீழே கோடிட்டு அடிக்குறிப்பும் எழுத வேண்டாம். இரண்டு முறை இடத்தோடு வந்தால் எந்த ஊர் வாசகரும் புரிந்துகொள்வார்.

கேள்வி: மிகுபுனைவு நாவல்களின் முதற்பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கும். என் கற்பனை நாட்டுக்குச் சிவனொளிபாதமலையையும் மலையகத்தின் ஆறுகளையும் மாதிரியாகக் கொள்ளலாமா, அல்லது முழுவதும் புதிதாக வரைய வேண்டுமா?
(ஒரு வாசகர், நுவரெலியா)

பதில்: மாதிரியாகக் கொள்ளுங்கள், உங்களால் கற்பனை செய்ய முடிவதைவிட விசித்திரமான மலை அது. 2,243 மீற்றர் உயரத்தில் பாறையில் ஓர் அடித்தடம். பௌத்தருக்கு அது புத்தரின் பாதம், சைவருக்குச் சிவனின் பாதம், இஸ்லாமியருக்கும் கிறிஸ்தவரில் பலருக்கும் ஆதாமின் பாதம். மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை இரவெல்லாம் படியேறுகிறவர்கள், தமக்கு முன்னால் மூச்சு வாங்க ஏறுபவர் எந்தப் பாதத்தைத் தேடிப் போகிறார் என்று கேட்பதில்லை. உங்கள் கதையில் நான்கு தெய்வங்கள் ஒரே தடத்துக்கு உரிமை கோரினால் நீங்கள் உடனே போர் மூட்டிவிடுவீர்கள். மூட்டாமல் ஒரு தடவை எழுதிப் பாருங்கள்.

இன்னோர் இடத்தையும் சொல்கிறேன். மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயிலின் கற்கள் சேற்றோடு வெளியே வருகின்றன. சனம் இறங்கிப் போய்ப் பார்க்கிறது, சிலர் சூடம் கொளுத்துகிறார்கள். மழை வந்ததும் கோயில் திரும்பவும் உள்ளே போய்விடுகிறது. நான் போனபோது ஒரு தூணின் அடியில் நத்தை ஓடுகள் ஒட்டியிருந்தன. மேலே யாரோ புதிதாகத் திருநீறு பூசியிருந்தார்கள், அது இன்னும் ஈரமாக இருந்தது. அணை கட்டத் தீர்மானித்தவர்கள் மனிதர்கள்; மூழ்கியது தெய்வம். உங்கள் வரைபடத்தில் அந்தக் கோயிலுக்கு எந்த நிறம் கொடுப்பீர்கள் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

கேள்வி: விதியைப் பற்றிய கதையை எப்படி முடிப்பது? விதி வென்றால் சோகம், மனிதன் வென்றால் சினிமா என்கிறார் என் நண்பர்.
(ஒரு வாசகர், டிக்கோயா)

பதில்: பொன்னர் சங்கர் கூத்தைப் படுகளம் வரை விழித்திருந்து பார்த்திருக்கிறீர்களா? பாதியில் தூங்கிப்போனவர்கள்தான் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள் (நானும் பல முறை தூங்கியிருக்கிறேன்).

அண்ணன் தம்பி இருவருக்கும் பதினாறு வயதுதான் என்பது பிறப்பதற்கு முன்பே தாய்க்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. வரம் கொடுத்த தெய்வமே ஆயுளையும் குறித்துக் கொடுக்கிறது. அதைத் தெரிந்துகொண்டேதான் தாமரை பிள்ளைகளைப் பெறுகிறாள். பதினாறு வருடமும் அவள் சோறு ஊட்டிய ஒவ்வொரு முறையும் கணக்கு குறைந்துகொண்டே வந்திருக்கும், அதைக் கதை சொல்லாமலே விட்டுவிடுகிறது. களத்தில் இருவரும் விழுந்த பிறகு தங்கை தங்காள் தேடி வந்து அவர்களை எழுப்புகிறாள். எழுகிறார்கள்! கூட்டம் ஆரவாரிக்கிறது. ஆனால் எழுந்தவர்கள் தங்கையோடு கொஞ்சம் பேசிவிட்டு, எங்கள் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லித் திரும்பவும் படுத்துக்கொள்கிறார்கள். முதல் முறை விழுத்தியது விதி. இரண்டாம் முறை அவர்கள் தாமாகப் படுக்கிறார்கள். வென்றது விதியா மனிதனா என்று உங்கள் நண்பரிடமே கேளுங்கள்.

எங்கள் தோட்டத்தில் சங்கர் வேடம் கட்டியவர் விடியற்காலையில் படுகளத்தில் இருந்து எழுந்து, முகத்து அரிதாரத்தைப் பீலித் தண்ணீரில் கழுவிக்கொண்டு, காதோரத்தில் சிவப்பு ஒட்டியிருக்க, ஆறரை மணிப் பெரட்டுக்கு வந்து நின்றார். கங்காணி பெயரை வாசித்தபோது "இருக்கேன்" என்றார்.